ஆள் குறைந்த முரசு

"ஒரு ஆள் குறையுது" என்றார் மசாபோ, வானத்தைப் பார்த்துக்கொண்டு. மலைமேல் அரச முரசுகளைக் காத்துவரும் குழுவுக்கு அவர்தான் தலைவர். "கரென்சோவுக்குக் காய்ச்சலாம். அவன் முரசைத் தூக்க யாருமில்லை."

"யாருமில்லையா? இதோ நிக்கிறாரே!" என்று மிபுரோ பக்கத்தில் நின்ற புடோயியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

புடோயி ஓரடி பின்வாங்கினான்.

கிடேகா நகரத்தில் ரொட்டி சுடுகிறவன் அவன். போன வாரம் மிபுரோ வீட்டுக்குப் பெண் கேட்கப் போயிருந்தான். பேச்சுக்கு நடுவே வானொலியில் முரசொலி கேட்டது. மிபுரோ சட்டென்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார். அந்த மரியாதையைப் பார்த்ததும் புடோயியின் நாக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. "நானும் சின்ன வயசுல முரசு அடிச்சிருக்கேங்க" என்றது. அவன் கைகள் அதுவரை அடித்ததெல்லாம் ரொட்டி மாவைத்தான்.

"அப்படியா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் எல்லாரும் மலைக்குப் போவோம். பொண்ணு விஷயத்துக்கு அங்க வெச்சுப் பதில் சொல்றேன்" என்றிருந்தார் மிபுரோ.

இப்போது அந்த மலைமேல்தான் நிற்கிறார்கள்.

"ஐயா, எனக்குத் தோள்பட்டை வலி..."

"அட, முதல்லயே சொல்லக்கூடாதா? திரும்பு." மிபுரோ பையிலிருந்து பசுவெண்ணெயை எடுத்துத் தோளிலிருந்து விரல்நுனி வரை அழுத்தித் தேய்த்தார். அவர் பிடியில் இல்லாத வலியும் வந்தது. "போயிடுச்சுங்க, போயிடுச்சு!" என்று அலறினான். வலி போய்விட்டது, கைதான் வழுவழுவென்று ஆகிவிட்டது.

அடுத்த வழியைத் தேடினான். "இந்தக் கால்சட்டையோட முரசைத் தொடறது மரியாதை இல்லீங்களே."

மசாபோவின் முகம் மலர்ந்தது. "முறை தெரிஞ்ச பிள்ளை! கரென்சோவோட துணியைக் கொண்டாங்கப்பா. இவர் ஓரத்துல நிக்க வேணாம், எனக்குப் பக்கத்துலயே நிக்கட்டும்."

கரென்சோ நல்ல ஆகிருதியான ஆள். சிவப்பும் வெள்ளையும் பச்சையுமான அவருடைய துணி புடோயியை இரண்டு சுற்றுச் சுற்றியும் மிச்சமிருந்தது.

நாணல் வேலியோரம் நின்ற மிபுரோவின் மகள் கனேசா கிசுகிசுத்தாள். "இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா உங்கப்பா உன்னைத் தரமாட்டாரு."

"சொல்லாட்டி முரசே சொல்லிடுமே!"

அதற்குள் தலையில் வாழைச்சருகுச் சும்மாடு ஏறியது. அதன்மேல் முரசு ஏறியது. கழுத்து தோளுக்குள் இறங்கியது.

மற்றவர்கள் அந்தப் பாரத்தைப் பூக்கூடைபோலத் தலையில் தாங்கி, நடந்தபடியே அடித்துக்கொண்டு பாடினார்கள். அந்த ஒலி காது வழியாக வரவில்லை. உள்ளங்காலில் ஏறி நெஞ்சில் போய் நின்றது. அரசர்கள் போய்விட்டார்கள், அவர்களை எழுப்பிய முரசு மட்டும் போகவில்லை. ஆண்டவன் மண்ணுக்குள் ஓர் இதயத்தை வைத்திருந்தால் அது இப்படித்தான் துடிக்கும் என்று புடோயிக்குத் தோன்றியது. பயத்துக்கு நடுவிலும் மெய்சிலிர்த்தது.

முற்றத்தில் முரசுகளைப் பிறைபோல இறக்கிவைத்தார்கள். தோலில் படாமல் குச்சிகளைக் காற்றில் ஆட்டி ஒப்பேற்றினான் புடோயி. மசாபோ ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் பங்கையும் சேர்த்து அடித்தார்.

பிறகுதான் வந்தது வினை. ஒவ்வொருவராக நடு முரசுக்கு வந்து, துள்ளிக் குதித்துத் தனியே அடிக்க வேண்டும். மான்கள்போலத் துள்ளினார்கள். அவன் முறை வந்தது.

குதித்தான். துணி காலில் சிக்கியது. வெண்ணெய்க் கையிலிருந்து ஒரு குச்சி வழுக்கிப் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. மிஞ்சிய குச்சியாலும் வெறுங்கையாலும் மாவு அடிக்கிற பழக்கத்தில் அடித்தான். தொப்... தொப்தொப்... தொப்.

கூட்டத்தின் தலைகளெல்லாம் அவன் பக்கம் திரும்பின.

மசாபோ தன் முரசில் அதையே திருப்பி அடித்தார். தொப்... தொப்தொப்... தொப். பக்கத்திலிருந்தவரும் அடித்தார். பிறகு எல்லோரும். அசட்டு அடி அந்தக் கைகளில் தூறலாகி, மழையாகி, இடியாகிப் பள்ளத்தாக்கெங்கும் உருண்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் பிழையை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்து கரை சேர்த்துவிட்டார்கள்.

"புது அடி! எந்த ஊர் அடிங்க இது?" என்று யாரோ கேட்டார்கள்.

தலையாட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பான். முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. நேராக மிபுரோவிடம் போனான்.

"ஐயா, நான் சொன்னது பொய். முரசை இன்னைக்குத்தான் தொடறேன். அது என் அடியே இல்லீங்க, அவங்க பெரிய மனசு. அதை என்னுதுன்னு சொல்லிக்க வாய் வரல. நீங்க பொண்ணு தராட்டியும் சரி."

மிபுரோ கையிலிருந்த தொப்பியை நிதானமாகத் தலையில் வைத்தார். அவனை மரநிழலுக்கு இழுத்துப்போனார். அங்கே வாழைப்பழக் கள்ளுப் பானையில் ஒரே ஒரு உறிஞ்சுகுழல் நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்றைச் செருகினார்.

"குடிங்க மாப்பிள்ளை."

வேலியோரம் கனேசா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்போது கூரைவீட்டுக்குப் பின்னாலிருந்து ஆஜானுபாகுவான ஓர் ஆள் வந்தார். ஒரு கையில் சுட்ட ஆட்டிறைச்சி, மறு கையில் வேலி தாண்டி வந்த குச்சி. புடோயியைச் சுற்றியிருந்த தன் துணியை ஒருமுறை பார்த்தார்.

"மிபுரோ அண்ணே, என் காய்ச்சல் இப்ப விடலாமா? இல்ல, சின்னப் பொண்ணைக் கேட்டும் யாராச்சும் வந்திருக்காங்களா?"