பிறந்த தேதியில் பறக்கும் கணினி

காலை ஒன்பது மணிக்கே அந்தச் சந்து நிரம்பிவிடும். கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஆளுக்கொரு கணினிப் பெட்டியை அணைத்துக்கொண்டு வரிசை நிற்கும். உள்ளே இருப்பவர் 'வேகச்சித்தர்'. போன வருஷம்வரை பிரின்டருக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தவர்தான். தாடி வளர்ந்தது, கூடவே ஞானமும் வளர்ந்துவிட்டது.

வித்தை இதுதான். கணினியின் பிராசசரை முடுக்கிவிடும்போது மெமரிக்கும் சில எண்களை மாற்றிப் போட வேண்டும். எந்த எண் தாங்கும் என்று மெமரியைச் செய்தவனே அதன்மேல் சீட்டு ஒட்டி அனுப்புகிறான். சித்தர் சீட்டெல்லாம் படிப்பதில்லை. உரிமையாளரின் பிறந்த தேதியைக் கேட்பார். அதையே மெமரிக்கு எண்ணாகப் போடுவார். அதற்கு முன்னும் பின்னும் தன் பென்டிரைவில் உள்ள 'வேகமானி'யை ஓட்டிக் காட்டுவார். வைத்தியத்துக்கு முன்னால் நாற்பத்தொன்றில் நின்ற முள், பின்னால் எண்பத்தேழுக்குத் தாவும். கூட்டம் "ஆ!" என்று வாயைத் திறக்கும். பர்சையும் திறக்கும்.

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வரைபடக்காரியும் போன வாரம் "ஆ" சொன்னவள்தான். அன்றிலிருந்து அவள் கணினி கால்மணிக்கொரு தரம் செத்துச் செத்துப் பிழைத்தது. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த பள்ளிக்கூடம் கெட்டுப்போய், கோப்பைத் திறக்கவே முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்தவர் கைக்குப் போய்விடும். அதற்கு அவள் என்ன செய்தாள்? செவ்வாய்க்கிழமை, இரண்டாம் வைத்தியத்துக்கு வந்து அதே வரிசையில் நின்றாள். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்!

கூடவே வந்த நாத்தனார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் இன்னொரு தரம் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத பிறவி.

"அண்ணி, இது கரண்ட்ல ஓடுதா, உங்க பிறந்த நாள்ல ஓடுதா?"

"சும்மா இரு. அவர் காதுல விழப்போகுது."

"விழட்டுமே."

முறை வந்தது. சித்தர் கண்ணை மூடிக் குறை கேட்டார்.

"பதினேழாம் தேதின்னு சொன்னீங்களே, ராத்திரி பன்னிரண்டு தாண்டிப் பிறந்தீங்களாம்மா?"

"அ... ஆமாங்க, அப்படித்தான் சொல்லுவாங்க."

"பார்த்தீங்களா! அதான் மெமரி கோவிச்சுக்கிச்சு. பதினெட்டாப் போட்டுடுவோம்."

வரைபடக்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. சித்தர் முதலில் வேகமானியை ஓட்டினார்; நாற்பத்தொன்று. பிறகு எண்ணைத் தட்டினார். திரையை நோக்கி ஒரு ஊது ஊதினார். முள் எண்பத்தேழுக்குத் தாவியது.

"இப்போ முழு மெமரியும் முழிச்சுக்கிச்சு, போங்க!"

நாத்தனார் கைப்பையிலிருந்து ஸ்கேல்போல் ஒரு சின்னப் பச்சைப் பலகையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முழுசும் எங்கேங்க? இருந்த ரெண்டு மெமரியில ஒண்ணு இதோ. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கழட்டிட்டேன்."

சித்தர் தாடியைத் தடவினார். "அதனால என்ன? என் சக்தி மொத்தமும் மிச்சத்துல இறங்கிடுச்சு."

"அப்படியா? கடைசியில நிக்கிற அண்ணே, உங்க பெட்டியைக் கொண்டாங்க. இவர் இன்னும் அதைத் தொடல, இல்ல?"

பென்டிரைவை உருவி அதில் செருகினாள். முதல் தட்டு: நாற்பத்தொன்று. இரண்டாம் தட்டு: எண்பத்தேழு. யார் தட்டினாலும், எந்தப் பெட்டியில் தட்டினாலும் அதேதான். வேகமானிக்குத் தெரிந்ததே அந்த இரண்டு எண்கள்!

"ஒரு நிமிஷம், மெயின் சுவிட்சைப் பார்த்துட்டு வரேன்" என்று சித்தர் பின்கதவு வழியே போனார். அந்தச் சந்தில் உண்மையாகவே வேகம் கூடியது அவர் காலுக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் மெமரியைப் பொருத்தினாள். எண்களைக் கணினி வாங்கியபோது இருந்தபடியே திருப்பினாள். அதன்பின் கணினி ஒருமுறைகூடச் சாகவில்லை. பள்ளிக்கூடத்தை அடித்தளத்திலிருந்து மறுபடி வரைந்து, வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் கதவு சாத்துவதற்குள் வரைபடக்காரி கொடுத்துவிட்டாள்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். பாதி மெமரிதான் இருக்கிறது என்பது, சித்தர் எண் போட்ட அதே திரையில் எழுதியே இருந்தது. அவரும் படிக்கவில்லை, சுற்றி நின்ற ஐம்பது பேரும் படிக்கவில்லை. பாதியைக் கழற்றிவிட்டால் கணினியாவது எழுதிக் காட்டுகிறது. மனிதன் மூளை அந்த மரியாதையைக்கூடச் செய்வதில்லை. இருக்கிறதா என்று நாமேதான் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.