அக்னி பானம்: நீளம் நாற்பது அடி

சனிக்கிழமை காலை என் கைப்பேசியை எனக்கு முன்னால் பத்மாசினி பார்த்துவிட்டாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது பேருக்குத்தான் என் கைப்பேசி.

“என்னங்க, உங்க சிராஜ் அண்ணே மலேசியாவுல இருந்து வந்திருக்காராம். நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாராராம். பணம் இருக்கான்னு கேக்குறாரு.”

பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாய் நுரையோடு ஓடி வந்தேன். சிராஜ் என் பள்ளித் தோழன். முப்பது வருடமாக அங்கே சாப்பாட்டுக் கடை வைத்து நன்றாக இருக்கிறவன். அவன் என்னிடம் எதற்குப் பணம் கேட்கிறான்? வாங்கிப் பார்த்தேன். அவனுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு அனுப்புவான். பி, ஏ, என், ஏ, எம் என்று இருந்தது. அதைப் பணம் என்றும் படிக்கலாம். பனம் என்று படித்துவிட்டுப் பழம் தேடியும் போகலாம்.

“பணம் இல்லடி. பாணம். அக்னி பாணம். நாங்க ஏழாங்கிளாஸ்ல எழுதுன கதை நோட்டு. அது இருக்கான்னு கேக்குறான்” என்றேன். பலூனில் வருகிற ப மாதிரி உதட்டை அழுத்திச் சொன்னேன். தமிழில் எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. தெரிந்தவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை.

பத்மாசினியின் முகம் மலர்ந்தது. “அட, அவரு தப்பா எழுதி அடி வாங்குனாருன்னு சொல்லுவீங்களே, அந்த நோட்டா? நாளைக்கு எடுத்து வைங்க. நானும் பாக்கணும்.”

எனக்கு நுரை உள்ளே போய்விட்டது.

காரணத்தைச் சொல்ல வேண்டும். என் பெயர் துளசிராம். மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை முதல் கருமாதிப் பத்திரிகை வரை என் பேனா படாமல் வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்குப் பத்மாசினியின் மளிகைச் சீட்டுதான் மிச்சம். “வெள்ளம்” என்று எழுதினால், “ஒரு கிலோ வெள்ளம் வந்தா வைகைக் கரையில குடியிருக்கிற நம்ம கதி என்ன?” என்பேன். எங்கள் கோச்சடை வீட்டில் எனக்கு வேறு எந்த அதிகாரமும் கிடையாது. டிவி ரிமோட் அவளிடம். சாவிக்கொத்து அவளிடம். றகரமும் ழகரமும் மட்டும் என்னிடம்.

அந்த நோட்டு வெளியே வந்தால் அதுவும் போய்விடும்.

கதை இதுதான். எழுபத்தேழாம் வருடம், எங்களுக்குப் பன்னிரண்டு வயது. சிராஜ் வீட்டில் உருது. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். இருவரும் சேர்ந்தால்தான் தமிழ். அந்தத் தமிழில் ஒரு விண்வெளிக் கதை எழுதினோம். அதில் ஒரு போர் விமானம். நெருப்பு அம்பு மாதிரிப் பாயும் என்பதால் அதற்கு ‘அக்னி பாணம்’ என்று பெயர் வைத்தவன் சிராஜ். படமும் அவன். எழுத்து நான்.

அதன் அளவில்தான் எங்களுக்குச் சண்டை. ஐந்து வீரர்கள், இரண்டு பீரங்கி, சமையலறை எல்லாம் வேண்டும், நாற்பது அடிக்குக் குறையக் கூடாது என்றேன் நான். சின்னதாக இருந்தால்தான் எதிரியின் குண்டுக்குத் தப்பி வளைந்து போகும் என்றான் அவன். எழுதுகிற பேனா என் கையில் இருந்ததால் நான் ஜெயித்தேன். ‘நான்கு யானைகளை வரிசையாக நிறுத்தியது போல், நாற்பது அடி நீளம்’ என்று எழுதினேன். வளர்ந்த பிறகும் போனில் பேசும்போதெல்லாம் இந்தச் சண்டை தொடரும்.

ஆனால் பாணத்துக்கு மூணு சுழி ண போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ரெண்டு சுழி ன போட்டுவிட்டேன். அம்பு, குடிக்கிற பானமாகிவிட்டது. ஒரு இடத்தில் இல்லை. முப்பத்தேழு இடத்தில்.

தமிழ் வாத்தியார் நோட்டைப் பிடித்துவிட்டார். வகுப்பில் உரக்கப் படித்தார். “வீரர்கள் ஐவரும் பானத்துக்குள் இறங்கினார்கள். பானம் வானில் ஏறியது. பானத்தைக் கண்ட எதிரிகள் மயங்கி விழுந்தார்கள்.” வகுப்பே உருண்டு சிரித்தது. யார் எழுதியது என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் சிராஜ் எழுந்துவிட்டான்.

வீட்டில் உருது பேசுகிற பையனுக்கு மூணு சுழி எங்கே வரும் என்று வாத்தியார் தானே முடிவு செய்துகொண்டார். பிரம்பை எடுத்து, “உன் விமானம் எத்தனை அடி?” என்று கேட்டார். அத்தனை அடி கிடைக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது. நாற்பது என்று எழுதியவன் நான். சிராஜ் கையை நீட்டிக்கொண்டு, கொஞ்சமும் யோசிக்காமல், “ஆறு அடி சார்” என்றான்.

ஆறு விழுந்தது. வாத்தியார் திருப்பி எறிந்த நோட்டு என்னிடமே தங்கிவிட்டது. அன்று மத்தியானம் அவனால் சோற்றைப் பிசைய முடியவில்லை. என் டப்பாவில் இருந்த புளியோதரையை உருட்டி உருட்டி அவன் வாயில் போட்டேன். நான்தான் எழுதினேன் என்று அப்போதே வாத்தியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கத்தில்தான் மூணு சுழியை விழுந்து விழுந்து படித்தேன். அதுவே எனக்குச் சோறு போட்டது.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையைப் பத்மாசினிக்குச் சொன்னேன். எழுதியது யார் என்ற இடத்தில் மட்டும் வாத்தியார் சொன்னதையே சொல்லிவிட்டேன். புது மாப்பிள்ளை வேறு எப்படிச் சொல்வான்?

நோட்டு முழுக்க என் கையெழுத்து. சிராஜ் காட்டிக்கொடுக்க மாட்டான். நாற்பத்தெட்டு வருடமாகக் காட்டிக்கொடுக்காதவன். நோட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். பத்மாசினி சனிக்கிழமைகளில் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போவாள். போய்வர மூன்று மணி நேரம். அவள் வாசலைத் தாண்டியதும், அச்சகத்தில் எப்போதோ கொடுத்த பழைய வெற்று நோட்டு ஒன்றை எடுத்தேன். கதை முழுவதையும் அதில் திருத்தி எழுதினேன். முப்பத்தேழு இடத்திலும் மூணு சுழி. அட்டையில் ‘ஏழாம் வகுப்பு, 1977’. சிராஜின் படங்களைக் கார்பன் வைத்து இழுத்தேன். பிறகு காபித்தூளைக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, அதில் துணியை நனைத்துத் தாள் தாளாக ஒற்றி மொட்டை மாடியில் காயவைத்தேன். மதுரை வெயில் பத்து நிமிடத்தில் நாற்பத்தெட்டு வருடத்தை முடித்துக்கொடுத்தது. தப்பான நோட்டு வாத்தியாரிடமே போய்விட்டது, இது நான் அன்றைக்கே திருத்தி எழுதி வைத்த பிரதி என்று சொல்வதாக ஏற்பாடு. அசல் நோட்டு இன்வெர்ட்டருக்குப் பின்னால் போனது.

ஒரே வருத்தம், பழைய நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியபோது எனக்கு நாலைந்து முறை கண் கலங்கியது. முதல் பக்கத்தில் சிராஜின் விரல் ரேகை மையோடு பதிந்திருந்தது. அதைக் கார்பனில் இழுக்க முடியவில்லை.

பத்மாசினி திரும்பி வந்தாள். முருங்கைக்காயை இறக்கி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள் டப்பாவோடு வெளியே வந்தாள்.

“காபித்தூளு இம்புட்டு குறைஞ்சிருக்கு?”

“ரெண்டு தடவை போட்டுக் குடிச்சேன்.”

“உங்களுக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியாதே” என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் மேலே கேட்காவிட்டால் நான் பயப்பட வேண்டும் என்பது முப்பத்தைந்து வருட அனுபவம். அன்றைக்கு ஏனோ மறந்துவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் சிராஜ் வந்தான். தலை முழுக்க நரை. சிரிப்பு மட்டும் ஏழாம் வகுப்பு. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, “மாப்ள, நாற்பது அடின்னு இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் திரியுறியா?” என்றான்.

“அஞ்சு பேரு ஆறடிக்குள்ள எப்படிடா உக்காருவான்?”

“மடக்கித்தான்.”

பத்மாசினி அவனை உட்காரவைத்து, “அண்ணே, என்ன பானம் குடிக்கிறீங்க?” என்று கேட்டாள். அவள் ஆயுளில் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் புரையேறியது. சிராஜ் மோர் கேட்டான்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை. அவன் சாப்பிட்டுக் கை கழுவியதும் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். சிராஜ் மெதுவாகப் புரட்டினான். முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் பக்கத்தில் நிறுத்திவிட்டான்.

“நம்ம பானம் எங்கடா? எல்லாம் பாணமா இருக்கு.”

திருத்தி எழுதிய பிரதிக் கதையை நான் ஆரம்பித்தேன். பத்மாசினி அவன் தோளுக்குப் பின்னால் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“என்னங்க, இது எழுபத்தேழுல எழுதுனதுதானே?”

“அட்டையிலயே போட்டிருக்கு.”

“அப்ப இந்த நாலு யானைக்கும் தும்பிக்கை எங்க?”

நான் படத்தைப் பார்த்தேன். யானைப் படமே இல்லை. அவள் விரல் எழுத்தின் மேல் இருந்தது. ‘யானை’. எனக்கு வேர்த்துவிட்டது. எழுபத்தெட்டில்தான் தமிழ் எழுத்தைச் சீர்திருத்தினார்கள். அதற்கு முன்னால் னை, லை, ளை என்று எழுதினால் எழுத்துக்கு முன்னே ஒரு தும்பிக்கை வளைந்து நிற்கும். சீர்திருத்தம் அதை வெட்டிவிட்டு, மற்ற எழுத்துகளைப் போல இரட்டைச் சுழி போட்டது. முப்பத்திரண்டு வருடம் திருத்திப் பழகிய கை, தும்பிக்கையைத் தானாகத் திருத்திவிட்டிருந்தது.

“நானும் தும்பிக்கை போட்டுத்தானே படிச்சேன்” என்றாள் பத்மாசினி. உள்ளே போனாள். வரும்போது அவள் கையில் அசல் நோட்டு. “சனிக்கிழமை ஒட்டடை அடிக்கிற கையி. இன்வெர்ட்டருக்குப் பின்னாடி போகாதுன்னு நினைச்சீங்களா?”

சிராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினான். விரல் ரேகையின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தான். வயதானவனின் விரல், அடங்கவில்லை. “பானத்தைக் கண்ட எதிரிகள் மயங்கி விழுந்தார்கள்” என்று படித்துவிட்டு, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “பத்மா, அதை எழுதுனது நான். இவன் எனக்காக அடி வாங்குனான்” என்றேன். அறுபது வயதில் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள்.

“எப்பத்துலருந்து?”

முந்தானையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழுத்த தாளை எடுத்து சிராஜிடம் கொடுத்தாள். நிச்சயம் முடிந்த கையோடு நான் அவளுக்கு எழுதிய முதல் கடிதம். அச்சகத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த காலம். ஆனாலும் அன்றைக்கு எனக்கு இருந்த பதற்றம் அப்படி. சிராஜ் முதல் வரியை உரக்கப் படித்தான். “என் கன்ணின் மனியே.”

இரண்டு சுழி வேண்டிய இடம் எது, மூன்று சுழி வேண்டிய இடம் எது என்று தெரியாமல் தடுமாறியிருந்தேன்.

“இம்புட்டு வருசமா ஏன் தங்கச்சி சொல்லல?” என்று கேட்டான் சிராஜ்.

“வெள்ளம்னு நான் வேணும்னேதான் எழுதுவேன்ணே. திருத்துறப்ப மொகத்துல எம்புட்டுப் பெருமைன்னு நினைக்கிறீங்க? அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு மேஜையிலிருந்து என் மர ஸ்கேலை எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று அச்சகத்தில் கொடுத்தது. அதை சிராஜின் கையில் வைத்தாள். “அண்ணே, அன்னைக்கு வாத்தியாரு கேட்டத இப்ப நீங்க கேளுங்க. ஆளு சரியான ஆளா இருக்கட்டும்.”

சிராஜ் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “சொல்லு மாப்ள. நம்ம விமானம் எத்தனை அடி?”

நாற்பத்தெட்டு வருடமாக நாற்பதிலிருந்து ஓர் அங்குலம்கூட இறங்காதவன் நான். கையை நீட்டினேன்.

“ஒரே அடிதான் மாப்ள. அதுவும் சின்ன அடி.”