தோள் கொடுத்த இங்கிலீஷ்

"சின்னச் சின்னப் பிரச்சினைய எல்லாம் ஷ்ரக் ஆஃப் பண்ணத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு சூப்பர்வைசர். உன்னால முடியுமாய்யா?"

மேனேஜர் கேட்டதும், "முடியும் சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார் லோடுமேன். அலட்டிக்கொள்ளாமல் ஒதுக்கித் தள்ளுவதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பெட்டி சுமந்த முதுகு இனிமேல் தாங்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

நேராக மச்சானின் தையல் கடைக்கு ஓடினார். வீட்டுக்காரியின் அண்ணன்; இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற மனுஷர்.

"மச்சான், ஷ்ரக் ஆஃப்னா என்ன?"

வாய் நிறையக் குண்டூசியோடு குனிந்திருந்த மச்சான் நிமிர்ந்தார். இரண்டு தோள்களையும் காதுவரை தூக்கி, பொத்தென்று இறக்கினார்.

"அட, இவ்வளவுதானா!" லோடுமேன் கிளம்பிவிட்டார்.

பயிற்சியை வீட்டிலேயே ஆரம்பித்தார்.

"ஏங்க, குழாய் ஒழுகுது."

தோளைத் தூக்கி இறக்கினார்.

"தண்ணி பாய் வரைக்கும் வந்துடுச்சுங்க!"

இன்னும் உயரமாகத் தூக்கி இறக்கினார்.

"என்ன, திமிரா?" என்று ஆரம்பித்த மனைவி, அவர் மறுபடியும் தூக்கியதும் பயந்துபோனாள். "ஐயையோ, தோள் பிடிச்சிக்கிச்சா?" இருந்த தைலம் மொத்தத்தையும் கொட்டித் தேய்த்துவிட்டாள். எரிந்த எரிச்சலில் தோள் தானாகவே துள்ள ஆரம்பித்தது.

மறுநாள் கிடங்கில் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"லாரி ஏன்யா இன்னும் வரல?"

தோள் துள்ளியது.

"பெட்டியெல்லாம் நனைஞ்சு கிடக்கே?"

இரண்டு முறை துள்ளியது.

"உனக்குத் தோள்ல என்னய்யா கோளாறு?"

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லும்போதே மறுபடியும் துள்ளியது.

கம்பெனி டாக்டர் அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அப்ப அந்த சூப்பர்வைசர் வேலை, சார்?"

"அதை நல்லா இருக்கிற ஆளுக்குக் குடுத்தாச்சு. லோடுமேன் வேலையும் இனிமே உனக்கு ஆகாது. நான் என்னய்யா பண்ண?" மேனேஜர் தன் தோளைத் தூக்கி இறக்கினார். சும்மா சொல்லக் கூடாது, மிக அழகாக.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தையல் கடை ஸ்டூலில் வந்து சரிந்தார் லோடுமேன்.

"உங்க இங்கிலீஷ நம்பி என் பொழப்பே போச்சு மச்சான்!"

மச்சான் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"என் இங்கிலீஷா? 'எனக்குத் தெரியாது'ன்னுதானே மாப்ள அன்னிக்குத் தோளைத் தூக்கினேன்!"