கோப்புகளுக்கு ரேகை பார்த்தவர்

மண்ணூர்பேட்டையிலிருந்து ஆவடி வரை, தன் நிழல் நேற்றைய நிழல்தானா என்று சரிபார்த்துவிட்டு நடந்த ஒரே மனிதர் எங்கள் ‘ரேகை’தான்.

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல், மண்ணூர்பேட்டையில் ஒரு மாடியில் சிறிய ஹோஸ்டிங் நிறுவனம் நடத்தினேன். ஊராருடைய இணையதளங்களை எங்கள் சர்வர்களில் வைத்துக் காப்பது தொழில். சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் ரேகை. ஒவ்வொரு கோப்பையும் கணக்குப் போட்டு ஒரு நீண்ட எண்ணாக்குவார். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண்ணுக்கு அவர் வைத்த பெயர்தான் ரேகை; அதையே நாங்கள் அவருக்குப் பட்டப்பெயராக்கிவிட்டோம். தினமும் எல்லாக் கோப்புகளுக்கும் ரேகை எடுத்து, பழையதோடு ஒப்பிட்ட பிறகே சாப்பிடப் போவார்.

“டிஸ்க்குல சும்மா கிடக்கிற ஃபைல் எப்படிய்யா கெட்டுப்போகும்?” என்பேன்.

“திருடன் வந்தா நாய் குலைக்கும் சார். இது கரையான். சத்தமே வராது.”

ஓட்டலில் பார்சல் வாங்கினால் அங்கேயே பிரித்துப் பார்ப்பார். நெமிலிச்சேரியில் வீட்டுக்குப் போனதும் மறுபடி பிரிப்பார். “ரயில்ல வர்றப்போ ஒரு இட்லி மாறிகினு இருந்தா?” ஒருநாள் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். “இன்னா சார், நேத்து மீசை வலது பக்கம் தூக்கலா இருந்துச்சே?”

இதையெல்லாம் ரசித்ததோடு நான் நின்றிருக்கலாம். ரேகை எடுக்கும் நேரத்தில் தளங்கள் மெதுவாகத் திறக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். “போதும், நிறுத்துங்க. தினம் பேக்கப் எடுக்கறோமே!” என்று அதட்டினேன். “கரையான் சார்” என்று முனகினார். ஆனால் நிறுத்திவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, ஆவடி குவார்ட்டர்ஸில் மகனோடு இருக்கும் வள்ளியம்மாள் போன் செய்தார். அவருடைய கணவர் அங்குள்ள தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற நாளில் அவர் பேசிய பேச்சு, எங்கள் சர்வரில் இருந்த குவார்ட்டர்ஸ் சங்கத்தின் தளத்தில் இருந்தது. அவர் இறந்தபின் மாலை தவறாமல் அதைத்தான் இந்த அம்மா கேட்பார்.

“ஐயா, ஒரு வாரமா அவுக என்னயப் பத்திப் பேச ஆரம்பிக்கிற எடத்துல கர்ருனு ஒரு சத்தம். அத்தோட நின்னுருது.”

பேக்கப்பைத் திறந்தோம். அதிலும் அதே கர்ர். கெட்டுப்போன கோப்பைத்தான் தினமும் சிரத்தையாக நகலெடுத்து, முந்தைய நல்ல நகலின் மேல் எழுதியிருக்கிறோம்.

நேரில் போனோம். வள்ளியம்மாள் அழுதுகொண்டே, “யாரு கவனிக்காம விட்டது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தாம்மா. தெனம் பாக்குறது என் வேலை, உட்டுட்டேன்” என்றார் ரேகை.

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

முன்பே யாராவது அந்தப் பேச்சை இறக்கி வைத்திருக்க மாட்டார்களா என்று வீடு வீடாகக் கேட்டோம். எல்லாரும் தளத்திலிருந்தே கேட்பவர்கள்; எல்லாப் போனிலும் கர்ர். கடைசியில் எதிர் பிளாக் மேரி அக்கா, தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“எங்க வூட்டுக்காரர் கை தட்டுறது அதுல கேக்கும். அதுக்காவே அன்னிக்கே எறக்கி வச்சேன்.”

வள்ளியம்மாளையும் அழைத்து வந்து போட்டோம். கர்ர் இல்லை; கணவரின் குரல் தெளிவாக வந்தது. “எங்க வள்ளி வாசல்லயே நிப்பா. சீக்கிரம் மாலையப் போட்டு அனுப்பிவிடுங்கய்யா!” கூட்டம் சிரித்தது. வள்ளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரும் தொடாதீங்க! இன்னும் ரேகை பாக்கல!” என்று கத்தினார் ரேகை.

“அதான் குரல் வருதே, இன்னும் இன்னா?” என்றார் மேரி அக்கா.

“குரல் வரும்க்கா. முழுசா வந்துச்சானு பாக்க வேணாமா?”

தளத்தில் ஏற்றிய அன்று எடுத்த எண் அவரிடம் இருந்தது. ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின. அதன் பிறகுதான் சிரித்தார்.

அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து திரும்பினேன். “தப்பு என்னோடது. எதுக்குய்யா உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“அந்தம்மா அழுதுகினு இருந்தாங்க. நீங்களும் ஒத்துக்கினு அழுதா, ரெண்டு பேரை நான் ஒர்த்தன் எப்படி சார் சமாளிக்கிறது?”

மறுநாளே ரேகை பார்ப்பதைத் திரும்பத் தொடங்கினோம். அது ஒத்துப்போகாமல் எந்த நல்ல நகலின் மேலும் எழுதுவதில்லை. வள்ளியம்மாளிடம் மட்டும் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்: அம்மா, நிறுத்தச் சொன்னவன் நான்.

அன்று பைக்கில் அம்பத்தூர் வரும்வரை, ரேகையின் தோளில் வைத்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.