‘எந்த ஊரு’ அண்ணாச்சியும் ஊர் சுற்றிய பிளாஸ்டிக்கும்

இந்தப் பூமியில் பிறந்த எவரையும் நாலே கேள்வியில் தன் சொந்தக்காரராக்கிவிடும் வல்லமை ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில், எங்கள் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜராக, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. எம்.டி. முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘எந்த ஊரு’ அண்ணாச்சி.

முதல் கேள்வி, “எந்த ஊரு?” இரண்டாவது, “அங்கன எந்தத் தெரு?” மூன்றாவது, “யாரு வீட்டுக்குப் பக்கத்துல?” நாலாவது, கேள்வி இல்லை, தீர்ப்பு. “அப்படிச் சொல்லும்! நீரு நமக்கு மருமகன் முறைல்லா வேணும்!”

ஒருமுறை லோன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் போன் செய்தாள். பேசியது அரைகுறைத் தமிழ். அண்ணாச்சி லோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைக்கும்போது அவளுடைய ஹாஸ்டல் அறைத்தோழிக்கு அம்பாசமுத்திரம் என்பதும், அந்தத் தோழியின் சித்தப்பாவும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதும் தெரிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு தை பிறந்தால் அந்தப் பெண்ணிடமிருந்து பொங்கல் வாழ்த்து வரும். லோன் கடைசிவரை யாரும் வாங்கவில்லை.

இன்னொரு முறை, கொச்சியிலிருந்து எங்கள் சரக்கோடு வந்த லாரி டிரைவர் கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் நின்றுகொண்டு வழி கேட்டார். “நானே வந்து கூட்டிட்டு வாரேன்” என்று அண்ணாச்சி பைக்கில் போனார். காலையில் போனவர். மத்தியானம் நான் போன் செய்தால், “தம்பி, டிரைவருக்குப் புனலூரு. நம்ம சகலை புனலூர்லதான் கடை வச்சிருந்தாரு. இப்பந்தான் எலை போட்டுருக்கு, வந்துருதோம்” என்றார். பின்னணியில் பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டது. உற்பத்தி லைனில் சரக்கு இல்லாமல் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் லாரி வந்தபோது டிரைவர் அண்ணாச்சியை ‘அளியா’, அதாவது மச்சான், என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. எங்கள் எம்.டி.யும் வருஷத்துக்கொரு தடவை அனுப்பிவிடலாமென்று நினைப்பார். பிறகு தன் மாமனாருக்கும் அண்ணாச்சிக்கும் ஏதோ ஒரு முறை இருப்பது ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிடுவார்.

நாங்கள் செய்வது கம்ப்யூட்டர் திரைக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர். கையகல கறுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் வால். சென்னைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். அவர்களிடமிருந்து ஒருநாள் மெயில் வந்தது. அவர்களுடைய திரைகளுக்கு ‘எக்கோ லேபிள்’ உண்டு. மண்ணையும் தண்ணியையும் வேலை செய்கிறவர்களையும் பாழாக்காமல் செய்த பொருள் என்று வெளியார் சோதித்துக் கொடுக்கும் முத்திரை அது. அந்த விதிகளை இப்போது இறுக்கிவிட்டார்களாம். முன்பெல்லாம் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இனி அடாப்டரின் ஒவ்வொரு பொருளும் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் என்று வேர்வரை காட்ட வேண்டும். பெட்டிக்கான பிளாஸ்டிக்கில் ஒரு பங்கு, ஜனங்கள் வீட்டில் பயன்படுத்திக் கழித்ததாக இருக்க வேண்டும். ஆடிட்டர் வந்து பார்ப்பார். தேறாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

ஆர்டர் போனால் முதலில் இழுத்து மூடப்படுவது இரண்டாவது லைன். அதன் சூப்பர்வைசர் மரியபுஷ்பம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இங்கே வேலை கிடைத்ததும் ஊருக்குத் திரும்பியவள். அதுவரை பாவூர்சத்திரத்தில் பாட்டியிடம் வளர்ந்த மகள், இவளைத் தீபாவளிக்கு வருகிற விருந்தாளியாகத்தான் நினைத்திருந்தாளாம். இப்போதுதான் ராத்திரி இவள் பக்கத்தில் படுக்க ஆரம்பித்திருந்தாள். ஆர்டர் போனால் மரியபுஷ்பம் மறுபடி திருப்பூர் பஸ் ஏற வேண்டும். அவள் லைனில் பாதிப் பேருக்கும் அதே கதை.

விஷயத்தைச் சொன்னதும் மரியபுஷ்பம், “லேபிள்தான சார்? எங்கன ஒட்டணும்னு சொல்லுங்க, ஒரே ஷிப்டுல ஒட்டிருவோம்” என்றாள். இது ஒட்டுகிற லேபிள் இல்லை என்று அவளுக்கு விளக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

குவாலிட்டி டிபார்ட்மென்ட் நான். சரக்கு கொடுக்கிற எல்லோருக்கும் முறையாக மெயில் அனுப்பினேன். ‘உங்கள் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?’ ஒருவர் ‘கடவுள் கிருபையால் எல்லாம் நல்ல சரக்கு’ என்று பதில் போட்டார். இன்னொருவர் ஓர் அரச இலையின் படத்தை மட்டும் அனுப்பினார். அட்டைப்பெட்டிக்காரர் தங்கள் வளாகத்தில் இரண்டு வேப்பமரம் இருப்பதாகவும் தினமும் தண்ணீர் ஊற்றுவதாகவும் உறுதியளித்தார்.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “ஏலே, பொண்ணு பாக்கப் போறவன் மெயிலா அனுப்புவான்? போனை இங்கன கொண்டா.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. பற்றவைக்கிற சாலிடர் கம்பி விற்கிற கோயம்புத்தூர்க்காரரிடம், “உங்களுக்கு எந்த ஊருன்னு பொறவு கேக்கேன். மொதல்ல உங்க கம்பிக்கு எந்த ஊரு? அதுக்கு அப்பன் யாரு, தாத்தா யாரு?” என்றார். அவர் சிரித்துச் சிரித்து உலை இருக்கும் இடம்வரை சொல்லிவிட்டார். செம்புக் கம்பி, திருகாணி, பசை, எல்லாவற்றுக்கும் பூர்வீகம் கிடைத்தது. சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டி வம்சாவளி வரைந்தார். செம்புக்கும் அதன்மேல் பூசுகிற வார்னிஷுக்கும் கல்யாணக் கோடு போட்டிருந்தார். எம்.டி. அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக்குக்குத்தான் தகப்பன் பெயர் தெரியவில்லை. மறுசுழற்சி செய்த குருணையை விற்கிற சென்னை டீலர் வாயைத் திறக்க மறுத்தார். சொன்னால் நாங்கள் நேரே அங்கே போய் வாங்கிவிடுவோம் என்ற பயம்.

“உங்களுக்கு எந்த ஊரு?”

“சென்னைதான் சார்.”

“அது இப்பம். அதுக்கு முன்னாடி?”

எதிர்முனையிலிருந்து மெல்லிய குரலில், “சொரண்டை” என்று வந்தது. தென்காசிக்குப் பக்கத்துச் சுரண்டைதான். இரண்டாவது கேள்வி வருவதற்குள் டீலர் போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சி அசரவில்லை. “சொரண்டைக்காரன்லா, சாரல் விழுந்தா குத்தாலத்துக்கு வராம இருப்பானா?” என்றார். ஆனி மாதம் சாரல் விழுந்தது. தனக்குத் தெரிந்த சுரண்டைக்காரர்களையெல்லாம் அண்ணாச்சி போனில் துளைத்தெடுத்து, டீலர் குடும்பத்தோடு ஐந்தருவிக்கு வந்திருக்கும் தகவலைப் பிடித்துவிட்டார். என்னையும் துண்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

டீலர் அருவிக்கரையில் எண்ணெய் மசாஜுக்குக் குப்புறப் படுத்திருந்தார். முதுகில் ஒரு ஆள் இரண்டு முழங்கையையும் ஊன்றியிருந்தார். தப்பிக்க வழியே இல்லை. அண்ணாச்சி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“நல்லாருக்கியளா? நாந்தான் குத்துக்கல்வலசை. அந்தக் குருணை எங்கன இருந்து வருது?”

அருவி இரைச்சலில் டீலருக்குக் காது கேட்கவில்லை. “குறுக்குலயா? ஆமா, குறுக்குலதான் வலி!” என்றார். மசாஜ்காரர் உடனே இடுப்பில் ஓங்கி அமுக்கினார். டீலர் அலறினார். “குருணை! குருணை!” என்று அண்ணாச்சி கத்த, “குறுக்கு! குறுக்கு!” என்று டீலர் கத்த, மசாஜ்காரர் தன் தொழிலுக்கு இவ்வளவு வரவேற்பு கிடைத்த உற்சாகத்தில் இன்னும் அமுக்கினார். கடைசியில் டீலர் எழுந்து உட்கார்ந்து அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ஊர், தெரு, பக்கத்து வீடு எல்லாம் முறைப்படி நடந்து, அண்ணாச்சி அவருக்குப் பெரியப்பா ஆனார்.

“பெரியப்பா, நீங்க கேட்டா சொல்லாம என்ன? கொச்சிப் பக்கம் ஒரு மில்லு. நம்பர் தாரேன். அவனுக்கு எங்கன இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது.”

ஈரத் துண்டோடு அங்கேயே அண்ணாச்சி கொச்சிக்குப் போன் போட்டார். மில்காரர் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். “சேட்டா, அது நிங்ஙளுடெ தெங்காசீன்னு வருன்னதாணு.”

தென்காசியிலிருந்து பழைய பிளாஸ்டிக் புளியறை தாண்டிக் கொச்சிக்குப் போய், குருணையாகி, சென்னைக்குப் போய், எங்களிடம் குத்துக்கல்வலசைக்கு வந்துகொண்டிருந்தது. நான் சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அனுப்புகிற பழைய இரும்புக்கடையின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அது அவருடைய மச்சினன் கடை. ஊர் உலகத்தையே சொந்தமாக்கிக்கொண்ட மனிதர், சொந்த மனைவியின் தம்பியோடு பேசி வருஷக்கணக்காகிறது. ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டார்களாம்.

“நீ போய்க் கேளுலே” என்றார். போனேன். மச்சினன், “கேக்க வேண்டியவர் வரட்டும், சொல்லுதேன்” என்றார். மறுநாள் மரியபுஷ்பம் வந்து அண்ணாச்சியின் மேஜைக்கு முன்னால் நின்றாள். “அண்ணாச்சி, உங்க ரோசத்துக்கு நான் திருப்பூர் போணுமா?” என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

கடையில் உடைந்த நாற்காலி, வாளி, பழைய டிவியின் முதுகு எல்லாம் மலையாகக் குவிந்திருந்தது. மச்சான்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், என்னைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். “இதெல்லாம் வீட்டுச் சாமான்தானான்னு கேளு தம்பி.” “ஆமான்னு சொல்லு தம்பி.” எனக்குக் கழுத்து வலித்தது. அப்போது ஓர் ஓரத்தில் இருந்த சாக்கில் அண்ணாச்சி கையை விட்டார். கையகல கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. எங்கள் கம்பெனியில் கழித்துக்கட்டிய பெட்டி.

“இது எப்படி இங்கன?”

“உங்க கம்பெனிக் கழிவ எடுக்கவன் எனக்குத்தான போடுதான்” என்றார் மச்சினன், முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து.

தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவாகக் கணக்கு காட்டக்கூடாது என்று விதியில் தெளிவாக இருந்தது. எம்.டி.யிடம் சொன்னோம். “நாமளா சொல்லாட்டா ஆடிட்டருக்குத் தெரியவா போவுது?” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மரியபுஷ்பத்துக்கும் பட்டது.

ஆடிட்டர் வந்தார். சின்ன வயசு, சிரிப்பே கிடையாது. அண்ணாச்சி, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். “அது ஆடிட்டுக்குத் தேவையில்லை சார்.” அண்ணாச்சியின் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. அவர் ஆடிப்போனது நன்றாகத் தெரிந்தது. ஆடிட்டர் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே வந்து, பிளாஸ்டிக் பக்கம் விரலை வைத்தார். “இந்த மறுசுழற்சிப் பங்கு முழுக்க வீடுகளிலிருந்து வந்ததா?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மரியபுஷ்பம் நின்றிருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்தார், பிறகு ஆடிட்டரைப் பார்த்தார்.

“இல்ல தம்பி. நம்ம வீட்டுப் பிள்ளையும் ஒண்ணு ரெண்டு அதுல கலந்துருக்கு. நம்ம கம்பெனி வேண்டாம்னு தள்ளிவிட்டது, ஊரு சுத்தி வேற பேருல திரும்பி வந்துருக்கு. இத மறைச்சா இந்தச் சார்ட்டுல மத்ததும் பொய்யாயிரும்.”

எம்.டி. கண்ணை மூடிக்கொண்டார். ஆடிட்டர் எழுதிக்கொண்டார். பிளாஸ்டிக் தேறவில்லை. திருத்திக் காட்ட அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அவகாசம் முழுவதும் இரண்டாவது லைனில் யாரும் அண்ணாச்சியோடு பேசவில்லை. பேச்சில்லாமல் அவர் பாதியாக இளைத்தார். ஆபீஸ் முடிந்ததும் நேரே மச்சினன் கடைக்குப் போய்விடுவார். எங்கள் கழிவு இனி அந்தக் கடைக்குப் போகாது என்று ஏற்பாடு செய்தார். கொச்சிக்குப் போகிற ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, வீட்டுச் சாமான் மட்டுமே உள்ளே போகிறதா என்று இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். பத்திரிகைச் சண்டை மட்டும் தீரவில்லை. “பொடி எழுத்துல போட்டவன்தானலே நீ!” “கண்ணாடி போட்டுப் படிச்சா பெரிசாத் தெரியும்!” என்ற சத்தம் ரோடு வரை கேட்கும்.

ஆடிட்டர் மறுபடி வந்தார். கடைக்கும் போனார், சாக்கையெல்லாம் கொட்டிப் பார்த்தார். கிளம்பும்போது, “இந்தச் சுற்றில் தன் தப்பைத் தானே சொன்னது உங்கள் கம்பெனி மட்டும்தான். அதனால்தான் மற்றதையும் நம்ப முடிந்தது” என்றார். கார் கதவைத் திறந்தவர் ஒரு நிமிஷம் தயங்கி, “எனக்குக் கோவில்பட்டி சார்” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று ஏறிக்கொண்டார். அண்ணாச்சி காருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார். தெரு பெயர் கிடைக்கவில்லை.

ஆர்டர் நிலைத்தது. மரியபுஷ்பம் அண்ணாச்சியின் மேஜைக்கு வந்தாள். “திருப்பூர்ல ரூம் பாத்து வைக்கச் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றாள். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். அண்ணாச்சியும் அழுதார். நான் மட்டும் கல்லா என்ன?

அண்ணாச்சி ஓய்வுபெற்றுவிட்டார், இப்போது பர்ச்சேஸ் வேலையும் என் தலையில்தான். சரக்கு பற்றி யாருக்குப் போன் செய்தாலும் முதலில், “அண்ணாச்சி சொகமா இருக்காவளா?” என்றுதான் கேட்கிறார்கள். “சுகமாக இருக்கிறார்” என்று சொல்லிவிடுகிறேன். பார்க்காமல் எப்படிச் சொல்வது? சாயங்காலம் வண்டியை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறேன்.