முள்ளம்பன்றிக் காய்ச்சல்

நேற்று ஒரு சபதம் எடுத்தேன். ஆண்பிள்ளைச் சபதம். இனிமேல் நான் பிடிக்கிற முள்ளம்பன்றியை நான்தான் தின்பேன். முழுசாக!

நியாயத்தைக் கேளுங்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். இடைச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் கறி கொதித்தால் எட்டு வீட்டு மூக்கும் விழித்துக்கொள்ளும். அதனால் காட்டு இறைச்சி யாருக்குக் கிடைத்தாலும் எட்டுப் பங்கு வைப்பது வழக்கம். போன தடவை மலையேறி, புகை போட்டு, வளை வாசலில் அரை நாள் குந்தியிருந்தவன் நான். என் பங்குக்கு வந்தது ஒரு காது. அதையும் என் மனைவி பாக்கியலெட்சுமி பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் ஹல்துமுல்லைக்கு மேலே, மானாப்புல் சரிவில் இன்னொன்று அகப்பட்டது. கொழுத்த உருப்படி. அடித்துச் சாக்கில் கட்டி, விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். லயமே வேலைக்குப் போன பிறகு சமைத்துத் தின்பதாக ஏற்பாடு. விடிந்ததும் அக்குளில் வெங்காயத்தை வைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டேன்.

"ஏங்க, பெரட்டுக்கு நேரமாச்சு. வேலைக்குப் பேரு குடுக்க வேணாமா?"

"காய்ச்சல் புள்ள. எலும்பெல்லாம் ஒதறுது."

"ராத்திரி ஆறு ரொட்டி தின்னீங்களே?"

"அதனாலதான் காய்ச்சல்!"

அவள் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். லயம் காலியானது. துள்ளி எழுந்தேன். அடுப்பை மூட்டினேன். சாக்கை இழுத்து வந்தேன். முடிச்சை அவிழ்த்து முள்ளைப் பிடுங்கப் போகும்போது வாசலில் பாக்கியலெட்சுமியின் குரல் கேட்டது.

"உள்ளதான் படுத்திருக்காரு கங்காணி. வாங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. பொய்க் காய்ச்சல் சொன்ன தம்பையாவைப் போன மாதம்தான் பெரிய துரை பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டு விரட்டினார். பிடித்துக் கொடுத்தவர் இதே மாரிசாமி கங்காணி. விறகுப் பக்கம் போக நேரமில்லை. சாக்கோடு கம்பளிக்குள் பாய்ந்தேன். முள்ளம்பன்றியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அது செத்தும் என்னை விடவில்லை.

"ஐயோ! அம்மா!" என்று அலறினேன். அது மட்டும் நிஜம்.

"வீரய்யா, என்னடா செய்யுது?" என்றார் கங்காணி.

"குத்துதுங்க. ஒடம்பெல்லாம் குத்துதுங்க!"

பாக்கியலெட்சுமி என் நெற்றியைத் தொட்டாள். பிறகு கம்பளியைத் துளைத்து எட்டிப் பார்த்த ஒரு முள்ளைப் பிடித்து மெதுவாக உருவினாள். அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முள்ளாலேயே நிதானமாக வகிடு எடுத்துக்கொண்டாள். எனக்கு நிஜமாகவே குளிர் கண்டது.

"கம்பளிக்குள்ள என்ன?" என்று குனிந்தார் கங்காணி.

இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு நாங்கள் நடுரோட்டில்.

"அதுங்களா? நேத்து இவரு புடிச்ச முள்ளம்பன்றிங்க. லயத்துக்கே பங்கு வைக்கணும்னு ஆசையா வச்சிருந்தாரு. பாவம், காய்ச்சல் முந்திக்கிச்சு. எதைக் கட்டிப் புடிக்கிறோம்னே தெரியாம கெடக்காரு."

"நல்ல மனசுடா ஒனக்கு," என்று கங்காணி என் தோளைத் தட்டினார். அங்கேயும் ஒரு முள்.

சாயங்காலம் எட்டு வீட்டிலும் கறி மணத்தது. பின்னந்தொடை கங்காணிக்குப் போயிற்று. இந்தத் தடவை காதுகூட எனக்கு இல்லை. காய்ச்சல்காரனுக்குக் கவிச்சி ஆகாதாம்! கங்காணி எதிரிலேயே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முடியுமா? கொத்தமல்லிக் கஞ்சியைக் குடித்தேன்.

பாக்கியலெட்சுமி என் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரல் துண்டை ருசித்துத் தின்றாள். பிறகு என் காதோரம் குனிந்து சொன்னாள்:

"நல்லவேளை ஒங்களுக்குக் காய்ச்சலு. இல்லாட்டி உப்பு கொறைச்சல்னு சண்டைக்கு வந்திருப்பீங்க."