‘போட்டாச்சு’ என்றொரு பொத்தான்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். என் ரத்த அழுத்தம் என்னைவிட உற்சாகமாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா? “ரிட்டயர் ஆனதும் ஆப் தயாரிக்கிறியாமே, அண்ணா?” என்று போனில் கேட்டாய். தயாரிக்கவில்லை, சண்டைதான் போட்டேன். ஆப் கம்பெனியில் அதுவும் தயாரிப்பில் சேர்த்தியாம்.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்குப் பொத்தானைப் பற்றிப் பாடம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், உன் மருமகள், அதாவது என் அருமை மகள், மாத்திரை நேரம் சொல்லும் ஆப் ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். ஐந்து நிமிஷம் தாமதித்தால் ‘தவறவிட்டீர்கள்’ என்று சிவப்பில் கத்தும். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இத்தனை சிவப்பு விழுந்ததில்லை. குறை சொல்ல இடம் தேடினால், அந்தக் கம்பெனி பயனர்களுக்கென்றே இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறது. என்ன வசதி வேண்டுமென்று யாரும் எழுதலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். ‘சிவப்பை எடு’ என்று எழுதினேன். இரண்டே நாளில் முந்நூறு ஓட்டு! தலைகால் புரியவில்லை எனக்கு. அந்த நேரம் பார்த்து ‘ஜன்னல் சீட்’ என்ற பெயரில் ஒருவர், அப்பா மாத்திரையைத் தவறவிட்டால் பிள்ளைக்குச் சேதி போகவேண்டும் என்று எழுதினார். வந்ததே கோபம்! பெற்றவனை வேவு பார்க்கவா ஆப் என்று பதினோரு பதில் எழுதினேன்.

கம்பெனி எங்கள் இருவரையும் வீடியோவில் கூப்பிட்டது. சட்டைக்கு இஸ்திரி போட்டு, பன்னிரண்டாவது பதிலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஆப் வடிவமைக்கும் பெண். இன்னொன்றில், மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு முன்னால் ஓர் அம்மாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையாம். அவர்தான் ‘ஜன்னல் சீட்’.

“ஐயா, எங்கப்பா தனியா இருக்காரு. வேலை நேரத்துல போனை அலமாரியில வச்சுப் பூட்டிடுவாங்க. இடைவேளை பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் மாத்திரை போட்டியா, எந்த மாத்திரை, வெள்ளையா மஞ்சளான்னே போயிடுது. அவர்கிட்ட வேற எதுவும் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. வேவு பாக்க நேரம் கேக்கலைங்க, பேசறதுக்குத்தான் கேக்கறேன்.”

காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். என் மகளும் தினமும் அதைத்தானே கேட்கிறாள்? நானும் “ம், போட்டாச்சு” என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.

“தவறினா சொல்ல வேணாம்மா,” என்றேன் கடைசியில். “போட்டதும் நானே ஒரு பொத்தானை அழுத்தறேன். ‘போட்டாச்சு’ன்னு சேதி போகட்டும். யாருக்குங்கறது என் இஷ்டம்.”

“அழுத்தலைன்னா?” என்றார் சலவைக்கூடத்து அம்மாள்.

“கூப்பிட்டுக் கேளுங்க.”

வடிவமைக்கும் பெண் விறுவிறுவென்று குறித்துக்கொண்டாள். மன்றத்தில் அந்த முந்நூறு பேரும் சேர்ந்து எனக்குக் ‘கட்சி மாறி’ என்று பட்டம் கட்டினார்கள். கட்டட்டும்.

போன மாதம் பொத்தான் வந்தது. அழுத்தினேன். மாலையில் மகள் கூப்பிட்டாள். கேட்க வழக்கமான கேள்வி இல்லை. “அப்புறம்பா?” என்றாள். “அப்புறம், நீதான் சொல்லணும்” என்றேன். நாற்பது நிமிஷம் பேசினாள். புது ஆபீசில் மதியம் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். இத்தனை நாளில் எனக்கு இது தெரியாது பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு சேதி. நான்கு நாளாக மகள் கூப்பிடவில்லை. நேற்று நானே கூப்பிட்டேன். “அதான் தினம் போட்டாச்சுன்னு வருதேப்பா, நல்லா இருக்கீங்கன்னு நிம்மதியா இருந்துட்டேன்” என்கிறாள். இன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், நீ பயப்படாதே. பொத்தானைத்தான் அழுத்தவில்லை. இதோ, போன் அடிக்கிறது.